மஞ்சள் டப்பாவில் சிவப்புக் குல்லாய்

எங்கள் பெரியப்பா ஒரு சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் செய்தவர், இந்தோசீனாவில் இருந்துவிட்டு வந்தவர். அவர் பெட்டியில் வந்த சாமான்களில் ஒரு தகர டப்பாவும் இருந்தது. மஞ்சள் நிறம். சிவப்புக் குல்லாய் வைத்த கறுப்புச் சிப்பாய் ஒருவன் அதில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பான். பனானியா டப்பா. உள்ளே இருந்த மாவு தீர்ந்ததும் பெரியம்மா அதில் மிளகு போட்டு வைத்துவிட்டார்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிறோம் என்ற கர்வம் வேறு. டப்பாவில் இருந்த 'யா போன்' என்ற இரண்டு சொல்லை உரக்கப் படித்துவிட்டு, "இது தப்பான பிரெஞ்சு பெரியப்பா, எங்கள் வாத்தியார் பார்த்தால் பிரம்பை எடுப்பார்" என்றேன். 'நல்லாருக்குது' என்பதைக் கொச்சையாகச் சொல்வது போன்ற பேச்சு அது.

பெரியப்பா சிரிக்கவில்லை. "அவனுங்க அப்படிப் பேசமாட்டானுங்கடா. எனக்கு லீவு மனு எழுதிக் கொடுத்ததே தஹோமேக்காரன் ஒருத்தன்தான்" என்றார். டப்பாவை எடுத்து, படம் சுவர்ப் பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தார்.

அந்தப் படத்தின் சரித்திரத்தை நான் தேடிப் படித்தது ஓய்வு பெற்ற பிறகுதான். கோகோ, வாழைப்பழ மாவு, தானியம், சர்க்கரை சேர்ந்த அந்தப் பானத்தை பியேர் லார்தே என்பவர் 1912 வாக்கில் பாரிசுக்குப் பக்கத்தில் தயாரிக்கத் தொடங்கினார். முதலில் படத்தில் இருந்தது சிப்பாய் அல்ல, அந்தீய்த் தீவுப் பெண் ஒருத்தி. 1914-ல் போர் வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த படைவீரர்களைப் பிரெஞ்சு ஜனங்கள் பத்திரிகையில் தினமும் பார்த்தார்கள். 1915-ல் ஜியாகோமோ தெ ஆந்திரேயிஸ் என்ற ஓவியர், துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்து கரண்டியால் சாப்பிடும் சிப்பாயை வரைந்து கொடுத்தார். அந்தப் போரில் சுமார் 2 லட்சம் பேர் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து திரட்டப்பட்டார்கள். ஏறக்குறைய 30 ஆயிரம் பேர் திரும்பவில்லை. சுவரொட்டியில் இருந்தவன் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தான்.

அந்தக் கொச்சைப் பேச்சு விஷயத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. படைவீரர்களிடம் எப்படி உடைத்து உடைத்துப் பிரெஞ்சு பேச வேண்டும் என்று பயிற்சியாளர்களுக்காகவே 1916-ல் ஒரு கையேடு அச்சாகி வந்தது. அரைகுறை மொழியைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அரைகுறையாகப் பேசுகிறான் என்று சிரிப்பது!

வியாபாரக் கண்ணோடு பார்த்தால் கம்பெனி கெட்டிக்காரத்தனமாகத்தான் நடந்துகொண்டது. ஓவியர்கள் மாறினார்கள். முதலில் புல்தரை போயிற்று, அப்புறம் உடம்பு போயிற்று, முகம் மட்டும் மிஞ்சியது, அதுவும் சில கோடுகளாகச் சுருங்கியது. ஆனால் மஞ்சளும் குல்லாயின் சிவப்பும் சிரிப்பும் மாறவில்லை. எழுத்துத் தெரியாத குழந்தைகூட கடை அலமாரியில் கையை நீட்டி அதைக் கேட்கும். கஷ்டமும் அங்கேதான். எதை மாற்றினால் டப்பா அடையாளம் தெரியாமல் போகுமோ, அதுவே புண்படுத்துகிற இடமாகவும் இருந்தது.

நம் ஏர் இந்தியா மகாராஜாவும் இப்படிப் பிடிவாதமாக வாழ்ந்த படம்தான். 1946-ல் பாபி கூக்கா யோசனை சொல்ல, உமேஷ் ராவ் வரைந்தது. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் வேஷம் கட்டுவார், மீசை மட்டும் மாறாது. அதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்ததில்லை. அது நாமே நம் ராஜாக்களைக் கிண்டல் செய்தது. இது, தனக்காக உயிரைக் கொடுக்க வந்தவனை எஜமான் வரைந்த படம்.

எதிர்ப்பு புதிதல்ல. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து 1940-ல் ஜெர்மானியரிடம் கைதியானவர் செங்கோர், பின்னாளில் செனகலின் முதல் ஜனாதிபதி. 1948-ல் வந்த தம் கவிதைத் தொகுப்பின் தொடக்கத்திலேயே பனானியாச் சிரிப்பைப் பெயர் சொல்லிக் கண்டித்தார். 1952-ல் ஃபனோனும் தம் புத்தகத்தில் அதைத் தொட்டார். 'யா போன்' வாசகத்தை நிறுத்தும்படி வெர்சாய் மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது 2011-ல். கோப்பு இத்தனை காலம் நகராமல் கிடந்ததை நான் என் அலுவலகத்தில்கூடப் பார்த்ததில்லை. வாசகம் போனாலும் குல்லாய் வைத்த சிரித்த முகம் டப்பாவை விட்டுப் போகவில்லை.

பெரியப்பா அந்தத் தீர்ப்பு வரும்வரை இல்லை. டப்பா என்னிடம் வந்தது. மஞ்சள் பூச்சு பாதி உரிந்து தகரம் தெரிகிறது, சிவப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. இப்போது அதில் அவருடைய பென்ஷன் காகிதங்களும் இரண்டு பதக்கங்களும் இருக்கின்றன. இன்னும் கொஞ்சம் மிளகு வாசனை வருகிறது.