சிவப்புப் பாசி கண்ணுக்கு வந்த வழி

சிட்னியை ஒட்டிய பாட்டனி விரிகுடாவின் பாறைகளில் டெலிசியா புல்க்ரா என்றொரு சிவப்புக் கடற்பாசி வளர்கிறது. கடல் நீரில் எது கிடந்தாலும் சில மணி நேரத்தில் பாக்டீரியா படியும், படலம் கட்டும், அதன்மேல் மற்ற உயிர்கள் குடியேறும். இந்தப் பாசியின் மேல் மட்டும் அவ்வளவாக எதுவும் படியவில்லை. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஸ்டைன்பெர்க், ஸ்டாஃபான் ஷெல்லெபெர்க் குழுவினர் காரணத்தைத் தேடினார்கள். பாசியின் நுண்ணிய சுரப்பிச் செல்களில் புரோமின் கலந்த ஃபியூரனோன்கள் என்ற வேதிப்பொருள்கள் இருந்தன.

பாக்டீரியா தனியாக வேலை செய்வதில்லை. சிறு சைகை மூலக்கூறுகளை வெளிவிட்டு, சுற்றிலும் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று அறிந்த பிறகே படலம் கட்டுவது போன்ற காரியங்களில் இறங்குகிறது. ஃபியூரனோனுக்கு அந்தச் சைகையின் சாயல் உண்டு. சைகையை வாங்கும் புரதத்தை அது குழப்பிவிடுகிறது. இதை 1996-ல் வெளியிட்டார்கள். கொல்லாமலே விலக்கி வைக்கும் இந்த வழிதான் என்னை இந்தப் பாசியின் பக்கம் இழுத்தது. கொல்லும் மருந்துக்கெல்லாம் பாக்டீரியா ஈடுகொடுக்கப் பழகிவிடுகிறதே.

கான்டாக்ட் லென்ஸில் ஒட்டும் சூடோமோனாஸ் ஏருஜினோசா கருவிழியில் புண்ணாக்கும். புண் ஆறினாலும் தழும்பு பார்வையை மறைக்கலாம். லென்ஸோடு தூங்குபவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. அதனால் பாசியின் மூலக்கூறை லென்ஸின் மேல் வேதிப்பிணைப்பால் பதித்தார்கள். கினிப்பன்றிகளிடம் ஒரு மாதம், மனிதர்களிடம் ஓர் இரவு என்று சோதித்த ஆய்வு 2008-ல் வந்தது. கண்ணுக்குக் கெடுதல் தெரியவில்லை. ஆய்வகத்தில் பாக்டீரியா ஒட்டுவது நன்றாகக் குறைந்தது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸும் குறைந்ததுதான் வியப்பு. அது அந்தச் சைகையையே பயன்படுத்தாத இனம். ஆக, குழப்புவதைத் தவிர வேறு ஏதோ வழியிலும் ஃபியூரனோன் வேலை செய்திருக்க வேண்டும்.

பாசிக்கு உயிர் இருக்கிறது. தீரத் தீரச் சுரந்துகொள்ளும். லென்ஸுக்கு அந்த வசதி இல்லை, பதித்தது பதித்ததுதான். பாசியின் மூலக்கூறு பதித்த லென்ஸ் இன்னும் கடைக்கு வரவில்லை.

2008 ஆய்வில் பங்கேற்ற மார்க் வில்காக்ஸ் பின்னர் பாக்டீரியாவைத் தடுக்கும் வேறொரு பூச்சின் பக்கம் போனார். தேனீ நஞ்சின் மெலிட்டின், மீன் விந்தணுவின் புரோட்டமைன் ஆகிய இரண்டின் துண்டுகளை இணைத்த மெலிமைன் முதலில் வந்தது. அதைச் சுருக்கியதுதான் மெல்4. ஐதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தில் 176 பேர் மெல்4 பூசிய லென்ஸை இரவிலும் கழற்றாமல் அணிந்தார்கள். முடிவு 2021-ல் வெளியானது: சாதாரண லென்ஸ் அணிந்த கண்களை விட, பூசிய லென்ஸ் அணிந்த கண்களில் கருவிழி அழற்சி குறைவாகவே வந்திருந்தது.