பறிபோனதன் பின் துலங்கிய பணி: திருகோணமலைத் திருச்சபை வரலாற்றில் ஊழியத்தின் மகிழ்ச்சி

திருகோணமலையின் கிறிஸ்தவ வரலாற்றைக் கட்டடங்களை வைத்தே எழுதிப் பழகிவிட்டோம். எந்த ஆண்டு எந்தக் கோயில் எழுந்தது, எந்த ஆயர் எந்தப் பாடசாலையைக் கட்டினார் என்று அந்த எழுத்து நீளும். இக்கட்டுரை தொடரும் கேள்வி வேறு. இங்கே ஊழியம் செய்தவர்கள் தம் பணியின் பொருளை எப்போது புதிதாகக் கண்டார்கள்? மனத்தில் இருந்த மகிழ்ச்சியை ஆவணங்களில் தேடிப் பிடிப்பது அரிது. ஆனால் ஒருவர் எதை இழந்தார், இழந்தபின் என்ன செய்தார் என்பதைத் தேடிப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தால், கையிலிருந்த அதிகாரமோ நிறுவனமோ பறிபோன காலங்களிலேயே இந்தத் துறைமுக நகரில் ஊழியம் துலங்கியிருக்கிறது.

தொடக்கத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினார்கள். சிலுவை இந்நகரில் நிலைகொண்டது அந்தப் படையோடுதான். அந்தக் காயத்தைப் பேசாத எந்தத் திருச்சபை வரலாறும் நேர்மையானதாக இராது.

ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டது. பட்டாளத்தின் துணையோடு வந்த சமயம், ஒளிந்து வாழும் சமயமாயிற்று. 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்துசேர்ந்த யோசேவாஸ் அடிகளும், அவரைத் தொடர்ந்து வந்த ஒரற்றோரியன் குருக்களும் கண்டி இராச்சியத்தின் தயவில் நின்று பணியாற்றினார்கள். குரு எப்போதாவது ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் மூப்பரும் உபதேசியாரும் செபம் சொல்லிக்கொடுத்து, குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, இறந்தவரை அடக்கம்செய்து சமூகத்தைக் காத்தார்கள். தவக்காலத்தில் பாடப்படும் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் வியாகுலப் பிரசங்கம் அந்தக் காலம் விட்டுச்சென்ற சொத்து. ஒல்லாந்த ஆட்சியின் ஆதரவு துளியும் இல்லாத நூற்றாண்டில்தான் தமிழ்க் கிறிஸ்தவம் தமிழாயிற்று என்பது என் துணிபு.

1795இல் பிரித்தானியர் வந்ததும் தடைகள் படிப்படியாகத் தளர்ந்தன. 1814இல் இலங்கையில் கால்வைத்த மெதடிஸ்த மிஷனரிமார் அடுத்த சில ஆண்டுகளில் திருகோணமலைக்கும் வந்தனர். 1847இல் அமலமரித் தியாகிகள் சபையினர் இலங்கை வந்தனர். புனித மரியாள் பேராலயம் 1852இலும் புனித சூசையப்பர் கல்லூரி 1867இலும் தோன்றின. 1893இல் திருகோணமலை தனி மறைமாவட்டமாயிற்று.

அதன் முதல் ஆயராக 1898இல் நியமனம் பெற்ற சார்ள்ஸ் லவீஞ் என்னும் பிரெஞ்சு இயேசு சபைத் துறவியின் வாழ்க்கையை இங்கே சற்று நின்று பார்க்கவேண்டும். 1887இல் கேரளத்தின் கோட்டயம் சிரியக் கத்தோலிக்கருக்குத் திருத்தூதுப் பதிலாளாக அனுப்பப்பட்டவர் அவர். 1891இல் சங்கனாச்சேரியில் புனித பெர்க்மான்ஸ் பாடசாலையைத் தொடங்கியவரும் அவரே. தமக்குக் கீழ் மாத்யூ மாக்கீல் என்னும் உள்ளூர்க் குருவைக் குருமுதல்வராக்கினார். 1896இல் உரோமை அந்த மக்களுக்கு அவர்களுள் ஒருவரையே ஆயராக்க முடிவுசெய்தபோது, அவ்விடத்தில் அமர்ந்தவர் அதே மாக்கீல். லவீஞ் விலகவேண்டியதாயிற்று. ஏறத்தாழ அறுபது வயதில், நிலமும் மக்களும் புதிதாக, வழிபாட்டு மரபே வேறாக, திருகோணமலையில் முதலிலிருந்து தொடங்கினார். 1913இல் இறக்கும்வரை இம்மறைமாவட்டமே அவர் பணியாயிற்று. தாம் வளர்த்தவரிடம் தம் இருக்கையை விட்டுவிட்டு வேறொரு கடற்கரையில் மீண்டும் கலப்பையில் கைவைத்த ஒருவரை, நம் வரலாற்று நூல்கள் ஒரு வரியில் கடந்துபோவது சரியன்று.

லவீஞ்சுக்குப் பின் ஆயராயிருந்த கஸ்ரன் றொபிஷே காலம் பாடசாலைகள் பெருகிய காலம். இதே காலத்தில்தான், மட்டக்களப்பு மிக்கேல் கல்லூரியில் படித்த விபுலாநந்த அடிகள் இராமகிருஷ்ண மிஷன் வழியாகத் திருகோணமலை இந்துக் கல்லூரியை வளர்த்தார். மிஷன் பாடசாலை அறிவையும் கொடுத்தது, மதமாற்ற அச்சத்தையும் கொடுத்தது என்பதற்கு அவர் முயற்சியே சான்று.

பின்பு ஏழே ஆண்டுகளில் எல்லாம் மாறிற்று. 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை ஒப்படைத்து வெளியேற, ஆங்கில வழிபாட்டுச் சபைகளின் ஆசனங்கள் வெறுமையாயின. 1960இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. ஆசிரியப் பணியே ஊழியம் என்றிருந்த குருக்களும் கன்னியரும் காலையில் எழுந்தால் போவதற்கு வகுப்பறை இல்லை என்ற நிலைக்கு வந்தார்கள். 1964இல் இலங்கை மெதடிஸ்த திருச்சபை இலண்டனிலிருந்து பிரிந்து தன்னாட்சி பெற்றது.

அந்த வெறுமைக்குள்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் காற்று வந்து புகுந்தது. மெக்சிக்கோவில் பிறந்த இயேசு சபையினரான இக்னேஷியஸ் கிளெனி அப்போது ஆயர். அதுவரை குரு மக்களுக்கு முதுகு காட்டி நின்று இலத்தீனில் திருப்பலி நிகழ்த்துவார். பின்னால் முழந்தாளிட்டிருக்கும் பெண்கள் தமிழிலே செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். 1963 டிசம்பரில் வெளியான திருவழிபாட்டுச் சாசனம் தாய்மொழிக்குக் கதவைத் திறந்தது. பீடம் திரும்பியது. குரு சனங்களின் முகம் பார்த்துத் தமிழில் பேச, சனங்கள் தமிழில் மறுமொழி சொன்னார்கள். பாடசாலையை இழந்த குருவுக்குப் பங்கு மக்கள் கிடைத்தார்கள். 1974இல் லியோ இராஜேந்திரம் அன்ரனி ஆயரானபோது, கேரளத்தில் லவீஞ் கண்ட மாற்றம், தம்மவர் ஒருவரே ஆயராகும் மாற்றம், இங்கும் நிறைவேறியது.

உள்நாட்டுப் போர்க்காலத்திலிருந்து ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். லூசியானாவில் பிறந்து 1948இல் இலங்கை வந்த யூஜின் ஹேபேர் அடிகளைச் சூசையப்பர் கல்லூரி மாணவர்கள் கூடைப்பந்துப் பயிற்றுநராக அறிந்திருந்தார்கள். பின்னர் மட்டக்களப்பில் தொழில்நுட்பக் கல்வி நிலையமொன்றைப் பொறுப்பேற்று, இளைஞருக்குக் கைத்தொழில் கற்பிக்கும் வேலையில் இறங்கினார். 1990 ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்ட அவரும் உடன்சென்ற தமிழ் இளைஞரும் காணாமற்போயினர். ஊர் திரும்ப அவருக்கு வழி இருந்தது, அவர் போகவில்லை.

2004 ஆழிப்பேரலை, 2006இல் மூதூர் மக்களின் இடப்பெயர்வு ஆகியவற்றைக் கடந்து, 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது. அடுத்த ஆண்டு பாப்பரசர் பிரான்சிஸ் நற்செய்தியின் மகிழ்ச்சி என்ற மடலில், வெளியே போய்க் காயப்படும் திருச்சபையைத் தாம் விரும்புவதாக எழுதினார். திருகோணமலைக்கு அது புதுச்செய்தியாக இருந்திருக்காது.

ஆயர்களின் பெயர்கள் கல்வெட்டில் இருக்கின்றன. உபதேசியார்களின் பெயர்கள் திருமுழுக்குப் பதிவேடுகளின் ஓரங்களில்தான் இருக்கின்றன. கடற்காற்று அந்தத் தாள்களைத் தின்றுகொண்டிருக்கிறது. ஒவ்வொரு பங்கும் ஒவ்வொரு மெதடிஸ்த சேகரமும் தம்மிடமுள்ள பதிவேடுகளைப் படமெடுத்துச் சேமிக்கவேண்டும். இன்னும் நம்மோடு இருக்கும் மூத்த உபதேசியார்களின் வாய்மொழியைப் பதிவுசெய்யவேண்டும். இந்த ஆண்டே தொடங்குங்கள்.