இறம்பொடை மலையில் மைனரின் ஹீட்டர்

போன விடுமுறையில் உம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குப் போனேன். வாப்பா விட்டுப்போன மொரிஸ் மைனர் 1000இல்தான். புசல்லாவை தாண்டும்வரை பிரச்சினை இல்லை. இறம்பொடைக்கு மேலே மழையும் பனிமூட்டமும் ஒன்றாக வந்தன. உள்ளே ஐந்து பேரின் மூச்சு. முன் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிட்டது. ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் துணி. ஒரு வளைவில் எதிரே வந்த பஸ்ஸை மிகக் கிட்டத்தில்தான் கண்டேன். ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, கை நடுக்கம் அடங்கும்வரை பேசாமல் இருந்தேன்.

அந்தக் காரில் ஹீட்டர் இருக்கிறது. டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள பெட்டியைச் சின்ன வயதில் நாங்கள் ரேடியோ என்று நினைத்திருந்தோம். சுவிட்சைப் போட்டால் காற்று வரும், சூடு வராது. "நம்ம நாட்டுக்கு அது எதுக்கு மகன்?" என்பார் வாப்பா.

கார்களுக்கு ஹீட்டர் வந்த கதையே ஒரு தனிக் கதை. ஆரம்பத்தில் குளிர்நாட்டுக்காரர்கள் சுடவைத்த கல்லைக் காலடியில் வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். பிறகு புகைக்குழாயின் சூட்டை உள்ளே எடுத்தார்கள். குழாயில் ஓட்டை விழுந்தால் நச்சுப் புகையும் சேர்ந்து வரும். எஞ்சினைக் குளிர்விக்கும் வெந்நீரைச் சின்ன ரேடியேட்டருக்குள் ஓடவிட்டு, வெளிக்காற்றை அதன் வழியே செலுத்தும் முறையை 1938இல் அமெரிக்காவின் நேஷ் கம்பனி சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றைய கார்களிலும் அடிப்படை அதுதான்.

மைனர் 1948 ஒக்டோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இஸ்ஸிகோனிஸ், துருக்கியின் இஸ்மிரில் பிறந்தவர். முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு அதன் தோற்றம் பிடிக்கவே இல்லை. உடைத்து ஊற்றி அவித்த முட்டை போல இருக்கிறது என்றாராம்! அந்த முட்டைதான் பத்து இலட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார் ஆனது. முதல் மைனர்களில் தண்ணீர் பம்ப் கிடையாது, சூடான தண்ணீர் தானாக மேலேறிச் சுற்றும். பம்ப் சேர்ந்த பிறகுதான் ஹீட்டருக்கு வழி பிறந்தது. அதுவும் மேலதிகமாகச் சல்லி கொடுத்து வாங்குகிற சாமான்.

எங்கள் கார் '1 ஸ்ரீ' இலக்கத் தகடு கொண்டது. அந்த எழுத்தால் 1958இல் நாடு பட்ட பாட்டைப் பிறகு எழுதுகிறேன். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977 வரை, கையில் இருந்த காரைத்தான் ஓட்டவேண்டும். உதிரிப்பாகமும் இலேசில் கிடைக்காது. அந்தக் காலத்துப் பாஸ்மார் கார்களை எப்படி உயிரோடு வைத்திருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் அதிசயம். ஆனால் அவர்கள் கழற்றி எறிந்த சாமான்களும் உண்டு.

ஊருக்கு வந்ததும் ஓய்வுபெற்ற பாஸ் ஒருவரைக் கூட்டிவந்தேன். எஞ்சின் நன்றாக ஆறியிருந்தபோது ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டிருக்கச் சொன்னார். தேர்மோஸ்டாட் இருந்தால் சில நிமிடம் ஹோஸ் குளிர்ந்தே இருந்து, அது திறந்ததும் சட்டென்று சுடும். எங்களுடையதோ ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுத்தது. மூடியைக் கழற்றினோம். உள்ளே ஒன்றுமே இல்லை!

காரணம் பாஸுக்குத் தெரிந்திருந்தது. பழைய ரேடியேட்டர் அடைத்துக் கார் கொதிக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் தேர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவார்கள். கொதிப்பது ஓரளவு நிற்கும். ஆனால் மலைக் குளிரில் எஞ்சின் சூடேறவே மாட்டாது. பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டரும் தேயும். வெப்ப நாடுகளுக்கென்றே 74 பாகையில் திறக்கும் தேர்மோஸ்டாட் இருக்கிறது. அதைத் தேடிப் போட்டோம், ரேடியேட்டரையும் கழுவினோம்.

அப்படியும் சூடு வரவில்லை. சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம் ஹீட்டருக்குப் போகும் சின்னத் திருகுகுழாய் மூடியபடி துருப்பிடித்து இறுகியிருந்தது. எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்துத் திறந்தோம். பிறகு ஹீட்டரின் இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பார்த்தோம். போவது சுட்டது, வருவது குளிர்ந்திருந்தது. அப்படியென்றால் ஹீட்டரின் உள்ளேதான் அடைப்பு. எஞ்சின் ஆறியபின் ஹோஸ்களைக் கழற்றி, தண்ணீரை மெதுவாக எதிர்ப்பக்கமாக விட்டோம். சாயத் தேத்தண்ணி நிறத்தில் துரு வந்தது, வந்துகொண்டே இருந்தது. எத்தனை வருடம் கூலன்ட் இல்லாமல் வெறும் குழாய்த் தண்ணீரிலேயே ஓட்டியிருக்கிறோம்!

பழைய கார் வைத்திருப்பவர்கள் மலைக்குப் போகுமுன் இந்த ஹோஸ் சோதனையைச் செய்து பாருங்கள். சல்லிச் செலவில்லை. சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள்.

சென்ற ஞாயிறு மறுபடி இறம்பொடை வரை போனோம். கண்ணாடி கீழிருந்து மேலாகத் தெளிந்துகொண்டு வந்தது. உம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களைப் பெட்டிப் பக்கம் நீட்டினார். கொஞ்ச நேரத்தில், "இதைக் குறை மகன், கால் சுடுது" என்றார்.