லேத் பட்டறையிலிருந்து பில் பிரிவுக்கு

இந்தியாவில் புள்ளியியல் தரக்கட்டுப்பாடு வேர்விட்ட கதையைக் கல்கத்தாவில் தொடங்குவதுதான் முறை. 1931இல் பி.சி. மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் முதலில் சணல் விளைச்சல் மதிப்பீட்டில் பெயர் வாங்கியது. அதைத் தொழிற்சாலைப் பக்கம் திருப்பியதில் பெரும்பங்கு வால்டர் ஷூஹார்ட்டுக்கு உண்டு. 1924 மே மாதம் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியில் மேலதிகாரிக்கு எழுதிய ஒரு சிறு குறிப்பில் கட்டுப்பாட்டு வரைபடத்தை முதன்முதலாக வரைந்து காட்டியவர் அவர். 1947-48இல் மகலனோபிஸ் அழைத்து இங்கே வந்தார். நாடு விடுதலை பெற்று ஓராண்டுகூட ஆகாத நேரம்.

1950களிலிருந்து பம்பாய், பெங்களூர், சென்னை, கோவை என்று நிறுவனத்தின் எஸ்.க்யூ.சி. (புள்ளியியல் தரக்கட்டுப்பாடு) பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கிளைவிட்டன. கோவைக்கு ஒன்று வந்ததில் வியப்பில்லை. நூற்பாலையும் பம்ப்செட் பட்டறையும் நிறைந்த ஊர். நூற்பாலைகளுக்கான ஆராய்ச்சிச் சங்கமான ‘சிட்ரா’வும் 1956இல் அங்கேதான் தொடங்கியது. எந்த இயந்திரம், எந்த ஷிப்ட், அளந்தவர் யார் என்று ஆலைக்குள் போய்க் கேட்ட பிறகே கணக்குக்கு உட்காருவது இந்தத் துறையின் பழக்கம். பின்னால் வந்தவர்கள் இதைத்தான் முதலில் மறந்தார்கள்.

கட்டுப்பாட்டு வரைபடத்துக்கான அந்தக் கணக்கு எப்படி இருக்கும்? லேத்திலிருந்து இறங்கும் ஷாஃப்டில் மணிக்கு ஒருமுறை ஐந்தை எடுத்து மைக்ரோமீட்டரில் அளப்பார்கள். ஐந்தின் சராசரி ஒரு புள்ளி. பெரிய அளவிலிருந்து சிறிய அளவைக் கழித்தால் வீச்சு. அது கீழே இன்னொரு புள்ளி. இப்படி இருபது, இருபத்தைந்து முறை எடுத்த பின் எல்லைக்கோடு. மொத்தச் சராசரி 25.00 மி.மீ., சராசரி வீச்சு 0.02 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 0.02ஐ 0.577ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 0.012. நடுக்கோட்டுக்கு மேலே அவ்வளவு, கீழே அவ்வளவு தள்ளி எல்லைக்கோடு; புள்ளி அதைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். ஐந்து ஐந்தாக எடுக்கும் கூறுக்கென்று அட்டவணையில் அச்சிட்டிருக்கும் எண்தான் 0.577. திட்ட விலக்கம் வேண்டுமானால் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். வீச்சுக்குக் கழித்தல் போதும். ஷிப்டில் நிற்பவர் பென்சிலால் போட்டுவிடலாம். வர்க்கமூலம் ஒரு பொருட்டே இல்லாத இன்றைய மென்பொருளிலும் அதே எக்ஸ்-பார், ஆர் சார்ட்தான் (சராசரி-வீச்சு வரைபடம்) வருகிறது, அதே 0.577 உள்ளே ஓடுகிறது.

இந்தியாவின் முதல் மின்னணுக் கணிப்பொறியும் இதே நிறுவனத்துக்குத்தான் வந்தது. பிரிட்டனில் வாங்கிய ஹெச்.இ.சி. 2எம் 1956இல் கல்கத்தாவில் இயங்கத் தொடங்கியது. அதற்குச் சற்று முன்பு, 1954-55இல், ஜப்பானின் கெனிச்சி டகுச்சி அங்கே வருகைப் பேராசிரியராக இருந்தார். பிற்பாடு உலகம் முழுக்கத் தொழிற்சாலைச் சோதனைகளுக்கு அவர் பெயரே அடையாளமானது. ஒரே நிறுவனத்துக்குள் கணிப்பொறியும் தரக்கட்டுப்பாடும் இருந்தும் ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்கவில்லை. பட்டறைகளில் வெகுகாலம் வரைபடத் தாளும் பென்சிலும்தான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. புள்ளியைத் தன் கையால் வைத்தவருக்கு அது கோட்டைத் தாண்டும்போது காரணம் அநேகமாகத் தெரிந்திருக்கும்: டூல் மாற்றினோம், புது பார் ராடு போட்டோம்.

மென்பொருள் வேறு வாசல் வழியாக வந்தது. 1972இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரயன், தாமஸ் ரயன், பிரையன் ஜாய்னர் மூவரும் மாணவர்களின் கணக்குச் சுமையைக் குறைக்க மினிடேப் என்ற மென்பொருளை எழுதினார்கள். வகுப்பறைக்குப் பிறந்த அந்தச் சரக்கைத் தொழிலுலகம் முழுக்கப் பரப்பியது பிழைகளைக் குறைக்கும் இயக்கமான சிக்ஸ் சிக்மா. 1986இல் மோட்டோரோலாவில் பில் ஸ்மித் தொடங்கிய இயக்கம் 1995இல் ஜாக் வெல்ச் வழியாக ஜெனரல் எலெக்ட்ரிக்குக்குள் நுழைந்தது. பத்து லட்சத்துக்கு 3.4 பிழை என்ற அதன் புகழ்பெற்ற எண்ணுக்குள் சராசரி 1.5 சிக்மா (திட்ட விலக்கம்) நகரும் என்றொரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. அனுபவத்தில் வைத்த தோராயம் அது. புள்ளியியலாரில் பலர் இன்னும் முகம் சுளிக்கிறார்கள்.

ஜெனரல் எலெக்ட்ரிக் 1997இல் குர்கானில் தன் பின்னலுவலகத்தைத் திறந்தது. பின்னாளில் ஜென்பேக்ட் ஆனது அதுவே. அங்கே உற்பத்தியாவது ஷாஃப்ட் அல்ல. பில், கடன் மனு, வாடிக்கையாளர் புகார். இங்கேதான் வரலாறு தலைகீழாகிறது. தொழிற்சாலை பல்லாண்டு காகிதத்தில் பழகிய பிறகே மென்பொருளுக்கு வந்தது. 1998இல் தரத்துக்கான டெமிங் பரிசு வாங்கிய முதல் இந்திய நிறுவனமான சென்னை சுந்தரம் கிளேட்டன், 2002இல் வாங்கிய டி.வி.எஸ். மோட்டார் ஆகியவற்றின் பின்னாலும் தொழிலாளரே தரவு எடுத்து அலசும் அப்படியொரு பழக்கம் இருந்தது. அலுவலகத்துக்கு முதலில் வந்தது மென்பொருள்; பழக்கம் பிறகுதான்.

விளைவை ஒரு கணக்கில் காட்டலாம். சப்ளையர் பில்லைப் பாஸ் செய்ய எத்தனை நாள் ஆகிறது என்று பார்க்கிறோம். சராசரி 6 நாள்; அடுத்தடுத்த பில்களுக்கிடையே வேறுபாடு சராசரியாக 3 நாள். ஒவ்வொரு பில்லும் ஒரு புள்ளியாகும் தனிமதிப்பு வரைபடம் கேட்டால் மென்பொருள் 3ஐ அதற்கான அட்டவணை எண் 2.66ஆல் பெருக்கி மேல் எல்லை 13.98, கீழ் எல்லை மைனஸ் 1.98 என்று அழகாக வரைந்து கொடுக்கும். பில் வருவதற்கு இரண்டு நாள் முன்பே பணம் போய்ச் சேரும் என்று அர்த்தம்! இந்தக் கோட்டோடு ஸ்லைடு தயாராகி, கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டும் ஆபத்து எப்போதும் உண்டு.

நாள்கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகாது; வலப்பக்கம் வால் நீளும். அதை இயல்நிலைப் பரவல் போல நடத்தியதுதான் சிக்கல். மருந்தும் அதே மெனுவில் இருக்கிறது: 1964இல் ஜார்ஜ் பாக்ஸும் டேவிட் காக்ஸும் தந்த, சாய்ந்த பரவலை இயல்நிலைக்கு நெருக்கமாக்கும் உருமாற்றம், ஒரு கிளிக். பணம் கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு ஆக்லாந்தில் பிறந்த ‘ஆர்’ மொழி இலவசம்; அதில் கட்டுப்பாட்டு வரைபடத்துக்கென்றே க்யூ.சி.சி. என்ற தொகுப்பும் உண்டு.

ஆனால் கிளிக் செய்யும் முன் பில் பிரிவுக்கு ஒரு நடை போய்வருவது நல்லது. பர்ச்சேஸ் ஆர்டரோடு வரும் பில் இரண்டு நாளில் முடிந்துவிடும். ஆர்டர் இல்லாத பில், துறைத்தலைவர் கையெழுத்துக்காகப் பத்து நாள் டிரேயில் கிடக்கும். இரண்டையும் ஒரே பத்தியில் கொட்டினால் எந்த உருமாற்றமும் பிரித்துத் தராது. பில் எந்த வகை என்று இன்னொரு பத்தி சேர்த்து, கிளார்க் அதை நிரப்பத் தொடங்கிய பிறகுதான் மென்பொருளால் இரண்டு வரைபடம் போட முடியும்.