டட்லிப் பூச்சியும் கல்லுடைத்தவர்களும்

மழை விட்ட மறுநாள் தோட்டத்துப் பக்கம் போனால் மரவட்டை ஊர்ந்துகொண்டிருக்கும். குச்சியால் தொட்டதும் சுருண்டுகொள்ளும். சிறு வயதில் நாம் எல்லோரும் விளையாடிய விளையாட்டுதான். ஆபத்து வந்தால் இப்படிச் சுருண்டுகொள்ளும் பிராணி ஒன்று சுமார் 43 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் வாழ்ந்தது. சில சுருண்டபடியே கல்லாகியும் போயின. அதன் பெயர் டிரைலோபைட்.

நண்டு, இறால், மரவட்டை எல்லாவற்றுக்கும் இது தூரத்து உறவு. உடல் நீளவாக்கில் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். கண்ணின் வில்லையே கால்சைட் என்னும் கனிமத்தால் ஆனது. இந்த இனம் ஏறக்குறைய 27 கோடி ஆண்டுகள் கடலில் வாழ்ந்து, சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அடியோடு அழிந்தது.

முதலில் இது என்னவென்று படித்தவர்களுக்கே தெரியவில்லை. 1698-ல் ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் எட்வர்ட் லூயிட், வேல்ஸில் கிடைத்த ஒன்றைப் படம் வரைந்து, ஏதோ தட்டை மீனின் எலும்புக்கூடு என்று எழுதினார். அவரைக் குறை சொல்ல முடியாது. தெரிந்ததை வைத்துத்தானே தெரியாததைப் பார்க்கிறோம்!

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் டட்லி என்று ஓர் ஊர். அங்கே ரென்ஸ் நெஸ்ட் என்ற குன்றைக் குடைந்து சுண்ணாம்புக்கல் எடுத்தார்கள். இரும்பு உருக்கும் உலைகளுக்கு அந்தக் கல் தேவைப்பட்டது. கல்லை உடைத்தபோது உள்ளேயிருந்து இந்தப் பூச்சிகள் வந்தன. தொழிலாளிகள் அதற்கு 'டட்லிப் பூச்சி' என்று பெயர் வைத்தார்கள். அழகானவற்றைப் பத்திரமாக எடுத்து, சேகரிக்க வந்த கனவான்களுக்கு விற்றார்கள்.

விஞ்ஞானம் வைத்த பெயர் காலிமீன் புளூமன்பாக்கி. புளூமன்பாக் என்பவர் ஜெர்மானியப் பேராசிரியர். டட்லியின் புதைபடிவங்கள் ரோடரிக் மர்ச்சிசன் 1839-ல் வெளியிட்ட சைலூரியன் காலப் பாறைகள் பற்றிய பெரிய நூலுக்கும் உதவின. 1849-ல் அவர் டட்லிக்கு வந்தபோது பெருங்கூட்டம் திரண்டு அவரைச் சைலூரியாவின் அரசர் என்று கொண்டாடியது. அந்தப் பூச்சிகளை இருட்டிலிருந்து வெளியே கொண்டுவந்த கைகளுக்குச் சொந்தக்காரர்கள் யார் யார்? பெரும்பாலோரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

எனக்கு இது உறுத்துவதற்குக் காரணம் உண்டு. பணிக்காலத்தில் சாலை வேலைகளை மேற்பார்த்திருக்கிறேன். ஜல்லி உடைக்க வரும் பெரியவர் ஒருவர், கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஓரிடத்தில் விரலை வைப்பார். அங்கே ஒரே அடி, கல் இரண்டாகப் பிளக்கும். "எப்படிங்கய்யா?" என்று கேட்டால், "கல்லே சொல்லுது தம்பி" என்பார். அளவுப் புத்தகத்தில் எத்தனை கன மீட்டர் ஜல்லி என்று நான் எழுதியிருக்கிறேன். அவர் பெயரை எழுத அதில் இடம் கிடையாது. இன்று அந்தப் பெயர் எனக்கே நினைவில் இல்லை.

ரென்ஸ் நெஸ்ட் 1956-ல் தேசிய இயற்கைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. டட்லி நகரின் சின்னத்திலும் டிரைலோபைட் இடம்பெற்றது. அந்த ஊர்க்காரர்கள் இன்றும் அதைப் புளூமன்பாக்கி என்று சொல்வதில்லை. டட்லிப் பூச்சி என்றுதான் சொல்கிறார்கள். கல்லுடைத்தவர்களின் பெயர் நிற்கவில்லை, அவர்கள் வைத்த பெயர் நின்றுவிட்டது.