சீனாக்காரன் 'அந்நிய இலை'ன்னு சொல்ற நம்ம ஊர் நிலவாகை (குட்டி திரெட்)

1/ சீன மருத்துவத்துல 'ஃபான் சியே யே'ன்னு ஒரு மூலிகை. அர்த்தம்: 'அந்நிய நாட்டுப் பேதி இலை'. அந்த அந்நிய நாட்டுல நம்ம ஊரும் சேர்த்தி! சித்தாவில் நிலவாகை, உலகச் சந்தையில் 'டின்னவெல்லி சென்னா'. நெல்லை, தூத்துக்குடி, நம்ம விருதுநகர் மானாவாரிக் காட்டுல விளையுறது.

2/ அரபு வைத்தியர்கள் வழியா ஐரோப்பாவுக்குப் போன இலை. வெள்ளைக்காரன் காலத்துல நெல்லைச் சீமையில் பயிராகி, ஊர்ப் பேரும் ஒட்டிக்கிச்சு. சீனாவில் அதுக்கு ரொம்ப முன்னாடியே பேதிக்கு 'தா ஹுவாங்' வேர் இருந்தது. ரெண்டுலயும் இருக்குற சரக்கு ஒண்ணுதான்: சென்னோசைடு.

3/ பெருங்குடல் பாக்டீரியா அதை உடைச்ச பிறகுதான் வேலை செய்யும். அதுக்கு 6-12 மணி நேரம். அதான் ராத்திரி சாப்பிட்டா காலையில் போகுது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயும் இருக்கு.

4/ இப்போ இதே இலை 'ஸ்லிம்மிங் டீ'யா வருது. குறையறது தண்ணி, கொழுப்பு இல்லை. தினமும் குடிச்சா பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே தடுமாறலாம்.

5/ பாத்ரூம் போகணுமேன்னு தண்ணி குடிக்காம பட்டாசு செட்டுல உக்காந்தே வேலை பார்க்குற அக்காமாரே, மலச்சிக்கலுக்கு முதல் மருந்து தண்ணிதான். சூரணமோ மாத்திரையோ, ஒரு வாரத்துக்கு மேல தேவைப்பட்டா ஓபிக்கு வாங்க.