இரண்டு கோடுகள் சந்திக்கும் இடம்

1630களின் இறுதியில் வில்லியம் கேஸ்காயின் என்ற ஆங்கிலேய வானியல் ஆர்வலர் தம் தொலைநோக்கிக்குள் ஒரு சிலந்தி இழை ஓடியிருப்பதைக் கண்டார். வில்லையின் குவியத்தில் தற்செயலாக அமைந்துவிட்ட அந்த இழை, தொலைவிலிருந்த பொருளோடு சேர்ந்து துலக்கமாகத் தெரிந்தது. வானத்தை அளப்பதற்கான குறுக்கிழை என்னும் யோசனை அவருக்கு அப்படித்தான் கிடைத்தது. 1644இல் மார்ஸ்டன் மூர் போர்க்களத்தில் அவர் மாண்டுபோனார். அவருடைய இழை துப்பாக்கியின்மேல் ஏற இன்னும் இரண்டு நூற்றாண்டுகள் ஆயின. ஏறிய பிறகும், அதைத் துப்பாக்கியோடு இணக்கிவைப்பது தனியொரு கலையாகவே இருந்தது. அக்கலையை ஒரு படைக்குக் கற்பித்தவர் ஒரு கதாசிரியர் என்பது இலக்கிய வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி.

ஹெஸ்கெத்-பிரிச்சர்ட் 1876இல் ஜான்சியில் பிறந்தவர். தாயாருடன் சேர்ந்து ‘டான் க்யூ’ என்ற ஸ்பானியக் கொள்ளைக்காரனைப் படைத்துப் புகழ்பெற்றார். கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர், படகோனியாவரை சென்றுவந்த பயணி, தேர்ந்த வேட்டைக்காரர். அதே மனிதர்தான் சாம்பல் நிறச் சீல்கள் அடித்துக் கொல்லப்படுவதற்கு எதிராகவும் குரல் கொடுத்தார். அவற்றைக் காக்கும் சட்டம் பிரிட்டனில் 1914இல் நிறைவேறியது. அவ்வாண்டே உலகப்போரும் மூண்டது.

போர் அகழிகளுக்குள் உறைந்துபோனதும் ஜெர்மானியர்களின் கை ஓங்கியது. வேட்டை மரபும் சிறந்த கண்ணாடித் தொழிலும் உடைய நாடு என்பதால், தொலைநோக்கி பொருத்திய ரைபிள்கள் அவர்களிடம் ஏராளமாக இருந்தன. அகழி விளிம்புக்கு மேல் எழுந்த பிரிட்டிஷ் தலைகள் நாள்தோறும் சாய்ந்தன. 1915இல் போர்ச் செய்தியாளர்களை அழைத்துச் செல்லும் பொறுப்பில் பிரான்சுக்கு வந்த பிரிச்சர்ட் இதைக் கண்டு கலங்கினார். பிரிட்டிஷ் படைக்கும் தொலைநோக்கிகள் வந்துசேரத் தொடங்கியிருந்தன. ஆனால் அவற்றைக் கையாளத் தெரிந்தவர்கள் அரிது. குறி விலகிப்போன தொலைநோக்கியை நம்பிச் சுட்டுக்கொண்டிருந்த வீரர்களை அவர் பல இடங்களில் கண்டார்.

குறி விலகுதல் என்றால் என்ன? பார்வை நேர்கோட்டில் செல்வது. குண்டோ புவியீர்ப்பால் வளைந்து விழுவது. பார்வைக்கோடு குழலுக்குச் சற்று விலகியே அமைந்திருக்கும். இவ்விரண்டையும் குறிப்பிட்ட ஒரு தொலைவில் சந்திக்கவைப்பதே குறி பொருத்துதல். தொலைநோக்கியைத் தாங்கும் இரு பிடிகளுக்கும் இடையே 10 செ.மீ. இடைவெளி என்று கொள்வோம். ஒரு பிடி 0.1 மி.மீ. நகர்ந்தால் போதும், 100 மீட்டர் தொலைவில் குண்டு 10 செ.மீ. விலகிவிடும். 300 மீட்டரில் அதுவே 30 செ.மீ.; ஒரு தலையின் அகலத்தைவிட அதிகம். குறுக்கிழை மட்டும் எப்போதும்போல இலக்கின் நடுவில் அசையாமல் நிற்கும். தவறான கருவி தன் தவற்றைச் சொல்வதில்லை.

பிரிட்டிஷ் ரைபிள்களில் வேறொரு சிக்கலும் இருந்தது. லீ-என்ஃபீல்டில் தோட்டாக்களை மேற்புறத்திலிருந்து ஐந்தைந்தாக இறக்க வேண்டும். அதற்கு இடம்விட்டுத் தொலைநோக்கியை இடப்பக்கம் தள்ளிப் பொருத்தினார்கள். காப்புத் தகட்டில் வெட்டிய குறுகிய துளை வழியே குழலை நீட்டினால், பக்கத்திலிருந்த தொலைநோக்கிக்குப் பெரும்பாலும் தகடுதான் தெரிந்தது. எங்கோ பணிமனையில் வரைபடம் பார்த்து எடுத்த முடிவின் விலையை அகழியில் நின்றவன் கொடுத்தான்.

1916இல் லிங்கெம் என்ற ஊரில் பிரிச்சர்ட் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். குறி சரிபார்த்தல் அங்கே அடிப்படைப் பாடம். பின்புறப் பூட்டைக் கழற்றிவிட்டு, ரைபிளை அசையாமல் கிடத்தி, குழலின் துளை வழியே தொலைவிலுள்ள ஒரு புள்ளியைப் பார்ப்பது இவ்வேலையின் பழைய வழி. துளையில் தெரியும் அதே புள்ளிக்குக் குறுக்கிழையைக் கொண்டுவர வேண்டும். பிறகு சில குண்டுகள் சுட்டு, அவை விழுந்த திரளின் நடுவைக் கண்டு, மீண்டும் திருத்த வேண்டும். ஒற்றைக் குண்டை நம்பலாகாது. முறை எளியதுதான், பொறுமைதான் அரிது.

சுடுபவனுக்கு இணையாக, பார்த்துக்கொண்டிருப்பவனுக்கும் அவர் மதிப்பளித்தார். எதிரி அகழியின் ஒரே இடத்தில் நாள்தோறும் ஒரு பூனை வெயில் காய்வதைக் கவனித்து, அருகில் அதிகாரிகளின் உறைவிடம் இருக்க வேண்டும் என்று ஊகித்ததையும், பின்னர் பீரங்கிகள் அவ்விடத்தைத் தகர்த்ததையும் 1920இல் வெளிவந்த ‘ஸ்னைப்பிங் இன் ஃபிரான்ஸ்’ நூலில் எழுதியிருக்கிறார். சிறுகதைக்காரனின் கண் அது. எலிகளும் சேறும் நிறைந்த வெளியில் ஒரு பூனையைப் பொருட்படுத்தும் கண்.

இங்கேதான் நாம் சற்றுத் தயங்க வேண்டியிருக்கிறது. சீல்களுக்காக இரங்கியவரும் முகம் தெரியும் தொலைவில் மனிதர்களைச் சுடக் கற்பித்தவரும் ஒருவரே. பீரங்கியை இயக்குபவன் தான் கொல்பவனைக் காண்பதில்லை. தொலைநோக்கி வழியே சுடுபவனுக்கு அந்தச் சலுகை இல்லை. தம் தரப்பு உயிர்களைக் காக்கிறோம் என்ற நம்பிக்கை அவரிடம் உறுதியாக இருந்தது. அது பொய்யும் அன்று. ஆயினும் கதைக்கும் இரக்கத்திற்கும் உதவிய அதே கூர்ந்த கவனம், மறுவார்த்தையின்றிக் கொலைக்கும் உதவியது. கவனத்துக்கென்று தனியே ஓர் அறம் இல்லை. அதை எதன்மேல் பொருத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

போருக்குப் பிறகு உடல்நலம் குன்றிய பிரிச்சர்ட் 1922இல், தம் 45ஆம் வயதில் இறந்தார். இன்று கண்ணாடியிலேயே பொறித்த குறிகளும், திருகுகளை அளவோடு முடுக்கும் கருவிகளும் வந்துவிட்டன. ஆனாலும் புதிதாகத் தொலைநோக்கி பொருத்தும் எவரும் முதலில் குழல் வழியே ஒரு புள்ளியைத் தேடுகிறார்கள், சுட்டுப் பார்க்கிறார்கள், திருத்துகிறார்கள், மீண்டும் சுடுகிறார்கள்.